யோவ்: தினை மாதிரி வேஷம் போடற புல்லுக்கு ஒரு சீன எழுத்து, வேர்ல இருந்து கதிர் வரைக்கும்

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து வச்சுக்கோங்க. எழுத்த நான் இங்க ஒட்டப் போறதில்ல, நீங்களே உங்க கையால போடணும், பத்தே கோடு தான். ஒட்டினத பாத்தா கண்ணு "ம்ம் சரி"ன்னு தாண்டிப் போயிடும், ஒரு தடவ கோடு கோடா போட்டீங்கன்னா மறக்காது.

எனக்கு இந்த எழுத்து எப்படி அறிமுகம்னா, ஆன்லைன் சீன க்ளாஸ்ல ஒரு பத்திய சத்தமா படிக்கச் சொன்னாங்க, நடுவுல தெரியாத எழுத்து ஒண்ணு வந்துச்சு, அதுல பாதி தெரிஞ்ச எழுத்தா இருக்கவே அந்தப் பாதியோட சத்தத்த தைரியமா போட்டுட்டேன். டீச்சர் சிரிச்சிட்டாங்க. அப்புறம் தான் தெரிஞ்சுது, சீனாவுல பொறந்து வளந்தவங்களே இதே எழுத்துல இதே தப்ப பண்றாங்கன்னு. அதனால சத்தத்துல இருந்தே ஆரம்பிப்போம்.

ஸ்டெப் 1: சத்தம்

யோவ். ஆமா, நம்ம ஊர்ல பஸ்ல காலை மிதிச்சவன "யோவ்!"னு கூப்பிடுவோமே அதே சத்தம் தான், ஆனா கோவமா இல்ல, சந்தேகமா. சீனத்துல இது மூணாவது டோன், குரல் கீழ இறங்கி திரும்ப மேல ஏறணும். தெரியாத ஆள் ஒருத்தன் உங்க வீட்டு கேட்ட தொறந்துட்டு கேஷுவலா உள்ள வர்றான்னு வச்சுக்கோங்க, "யோ...வ்?"னு இழுப்பீங்கல்ல, அந்த இழுவை. இந்த எழுத்தோட மொத்த கதையே அந்த சந்தேகம் தான், அதனால இப்படியே ஞாபகம் வச்சுக்கறது நல்லது.

இதே சத்தத்துல "இருக்கு"ன்னு அர்த்தம் வர்ற யோவ் ஒண்ணு இருக்கு, அது தினமும் நூறு தடவ வரும். நம்மளோடது புல்லு யோவ். போன்ல டைப் பண்றவங்க ஒய், ஓ, யு அடிச்சிட்டு லிஸ்ட்ல கொஞ்ச தூரம் தள்ளிக்கிட்டே போகணும், உடனே வராது, பொறுமையா தேடுங்க. யூனிகோட்ல இதோட எண் டெசிமல்ல 33696.

ஸ்டெப் 2: கோடு போடுங்க

மேல் பகுதி மூணு கோடு. நீளமா ஒரு படுக்கைக் கோடு, அத குறுக்க வெட்டற மாதிரி இடது பக்கம் ஒரு குட்டி நிமிர்ந்த கோடு, வலது பக்கம் ஒண்ணு. இது புல் தலை. சீனத்துல செடி, கொடி, காய், பூ சம்பந்தப்பட்ட எழுத்துகள்ல பெரும்பாலானது இந்தத் தொப்பிய மாட்டிக்கிட்டு தான் நிக்கும். பழைய முத்திரை எழுத்து வடிவத்துல இது ரெண்டு முளை பக்கத்துல பக்கத்துல நிக்கிற படம், அப்புறம் வேகமா எழுத எழுத தட்டையாகி இப்படி ஆயிடுச்சு.

நடுப்பகுதி அஞ்சு கோடு. உச்சில வலதுல இருந்து இடதுக்கு ஒரு சின்ன சாய்வு, அதுக்கு கீழ படுக்கைக் கோடு, நடுவுல நிமிர்ந்த கோடு, அப்புறம் இடது பக்கம் ஒரு கால் விரிச்சு, வலது பக்கம் ஒரு கால் விரிச்சு. இதுக்குப் பேரு ஹ, தானியப் பயிர். உச்சில இருக்கிற அந்த சின்ன சாய்வ சாதாரணமா நெனச்சுடாதீங்க, அது தான் முத்தி தலை சாஞ்ச கதிரு. அத விட்டுட்டா வெறும் மரம்னு அர்த்தம் வர்ற வேற எழுத்தாயிடும்.

அடிப்பகுதி ரெண்டு கோடு. முதல் கோடு கொஞ்சம் வளைஞ்சு நெளிஞ்சது: பேனாவ எடுக்காம வலது பக்கம் போயி, கீழ சாஞ்சு, திரும்ப வலது பக்கம் கொஞ்சம் போயி, கீழ இறங்கி, கடைசில உள்பக்கமா ஒரு கொக்கி. ரெண்டாவது கோடு இடது பக்கம் சரிஞ்சு இறங்கற சாய்வு. சீனா பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்ற வரிசை இது தான். இந்த அடிப்பகுதிய தனியா எடுத்தா அதோட சத்தம் என்ன தெரியுமா, கிட்டத்தட்ட "நாய்". இந்தப் புல்லுக்கு இன்னைக்கு சீனாவுல எல்லாரும் சொல்ற பேரு கோவ் வெய் ட்ஸாவ், நாய் வால் புல்! சுத்தமான தற்செயல் தான், சீனாக்காரங்களுக்கு இந்த ஜோக் புரியவே புரியாது, அந்த "நாய்"க்கும் நாய்க்கும் அங்க ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனா தமிழ் பேசறவங்களுக்கு இதைவிட நல்ல மனப்பாட வழி கிடைக்காது: மேல புல்லு, நடுவுல தானியம், அடில நாய்.

மூணு, அஞ்சு, ரெண்டு, மொத்தம் பத்து. எழுத்துச் சீர்திருத்தத்துல இது மாறவே இல்ல, பீஜிங்ல எழுதறதும் தைவான்ல எழுதறதும் ஒரே எழுத்து தான். பழைய அகராதில தேடணும்னா 1716-ல வந்த காங்ஷி அகராதில எழுத்துகள அதுல இருக்கிற அடிப்படைப் பகுதிய வச்சு பிரிச்ச மொத்தம் 214 தலைப்பு இருக்கு, அதுல 140-வது புல் தலைப்பு, அதுக்குள்ள போயி மிச்சம் ஏழு கோடு இருக்கிற கூட்டத்துல பாருங்க.

ஸ்டெப் 3: தொப்பிய கழட்டிப் பாருங்க

புல் தொப்பிய எடுத்துட்டா கீழ நிக்கிறது ஒரு முழு எழுத்து, அதோட சத்தம் ஷியோவ். பயிர் கதிர் விடறது, பூ வாங்கறதுன்னு பழைய அர்த்தம், அதுல இருந்து "அழகான", "சிறப்பான"னு வளந்து இன்னைக்கு பொண்ணுங்க பேர்ல கூட நெறய வருது. கன்ஃபூஷியஸ் சொன்னதா ஒரு வாசகம் இருக்கு, முளைச்சும் கதிர் விடாம போறது உண்டு, கதிர் விட்டும் மணி பிடிக்காம போறது உண்டுன்னு. அதுல "கதிர் விடறது"க்கு இந்த ஷியோவ் தான் வருது.

க்ளாஸ்ல நான் படிச்சது இந்த ஷியோவ தான். இந்த மாதிரி தப்புக்கு சீனத்துல ஒரு சொலவடையே இருக்கு, ஷியோவ்ட்ஸாய் எழுத்து படிச்சா பாதிய தான் படிப்பான்னு. ஷியோவ்ட்ஸாய்ங்கறது பரீட்சை எழுதி பாஸான படிப்பாளி. அந்தப் பட்டத்துலயே முதல் எழுத்து இந்த ஷியோவ் தான், மாட்டிக்கிட்டதுல கூட ஒரு பொருத்தம். யோவ் சத்தம் எப்படி வருதுன்னு குழம்பாம இருக்க, "ஆசை காட்டி இழு"ன்னு ஒரு எழுத்து இருக்கு, இதே ஷியோவுக்கு பக்கத்துல பேச்சு குறி போட்டது, அதுவும் யோவ் தான், டோன் மட்டும் நாலு. ரெண்டையும் ஜோடியா படிச்சுக்கோங்க.

இந்த ஷியோவுக்கு ஒரு ராஜா கதை இருக்கு. கி.மு. 5-ல ஹான் வம்சத்துல ஒரு குழந்தை பொறந்துச்சு, அந்த வருஷம் அந்த வட்டாரத்துல ஒரே தண்டுல ஒன்பது கதிர் விட்ட அதிசயப் பயிர் ஒண்ணு முளைச்சுதாம், அதனால குழந்தைக்கு ஷியோவ்னு பேரு வச்சுட்டாங்க. லியோவ் ஷியோவ். அந்தப் பையன் தான் பின்னாடி கி.பி. 25-ல இருந்து 57 வரைக்கும் ஆண்ட குவாங்வூ பேரரசர். ராஜா பேர எழுதக் கூடாது, சொல்லவும் கூடாது, அப்படி ஒரு வழக்கம். அதனால ஷியோவ்ட்ஸாய்ங்கற பட்டத்தையே வேற பேருக்கு மாத்திட்டாங்க.

இப்ப இங்க கவனிங்க. ஷு ஷென்னு ஒரு அறிஞர், சீன எழுத்துகளுக்கு முதல் முழு அகராதி எழுதினவர், ஷுவோவென் ஜியேஸின்னு பேரு, கி.பி. 100-ல முடிச்சது, 121-ல அவரோட பையன் தான் அரசவைல கொண்டு போயி குடுத்தாரு. 9,353 எழுத்து அதுல, ஒவ்வொண்ணுக்கும் இது என்ன அர்த்தம், எப்படி உருவாச்சுன்னு சொல்லியிருப்பாரு. ஆனா ஷியோவ் வர்ற இடத்துல ரெண்டே எழுத்து: மேலிடத்து விலக்குப் பேர், அதாவது சொல்லக் கூடாத ராஜா பேரு. அவ்வளவு தான், விளக்கம் கிடையாது! ஆனா புல் பகுதில நம்ம யோவ் வரும்போது, "புல், ஷியோவ் சத்தம்"னு பிரிச்சு எழுதியிருக்காரு, யோவ்னு படிக்கணும்னு வேற ஒரு எழுத்தக் காட்டி சத்தமும் குடுத்திருக்காரு. நம்ம கைக்கு வந்திருக்கிற பிரதி அப்படித்தான் இருக்கு. முன் வாசல்ல நிறுத்தி வச்ச ராஜா பேரு களைக்குப் பின்னாடி ஒளிஞ்சு உள்ள வந்துடுச்சு. எனக்கு இந்த எழுத்துல ரொம்பப் பிடிச்ச இடம் இது தான்.

ஸ்டெப் 4: வயலுக்குப் போங்க

எழுத்து புரியணும்னா செடி தெரியணும். யோவ்ங்கறது விஞ்ஞானப் பேர்ல செட்டேரியா விரிடிஸ். நம்ம தினை இருக்குல்ல, முருகன் கோயில்ல தேனும் தினைமாவும் வைப்போமே, அது செட்டேரியா இட்டாலிகா. ரெண்டும் அண்ணன் தம்பி கூட இல்ல, அதுக்கும் நெருக்கம், ஒண்ணோட ஒண்ணு கலந்து வெத கூட வைக்கும்.

வட சீனாவுல, மஞ்சள் ஆத்தங்கரைப் பக்கம், அரிசி வர்றதுக்கு முன்னாடி சோறுன்னா தினையும் பனிவரகும் தான். ஹபெய் மாநிலத்துல ட்ஸிஷான்னு ஒரு பழைய ஊர் இடத்துல தானியம் சேத்து வச்ச குழிங்கள தோண்டினாங்க, 2009-ல வந்த ஆய்வு அங்க தினை 8,700 வருஷத்துக்கு முன்னாடியே இருந்துச்சுன்னு சொல்லுது. அந்த வயல்ல தினைக்கு நடுவுல தினை மாதிரியே முளைக்கிறது யோவ். குட்டியா இருக்கும்போது ரெண்டும் ஒரே பச்சை, ஒரே இலை, அனுபவம் இருக்கிற விவசாயியே தடுமாறுவாரு. கதிர் விட்டா தான் குட்டு உடையும். தினைக் கதிர் கனமா இருக்கும், பாரம் தாங்காம தொங்கிடும். யோவ் கதிர் விரல் அளவுக்கு, மெலிசா, சுத்தி முடி முடியா, பூனை வாலையோ நாய்க்குட்டி வாலையோ தடவற மாதிரி, காத்துல ஜம்முன்னு ஆடிக்கிட்டு நிக்கும். முத்தின கதிர உள்ளங்கைல வச்சு லேசா உருவினீங்கன்னா யோவ் மணியெல்லாம் பொலபொலன்னு உதிர்ந்துடும், தினை உதிராது, அத அடிச்சு தான் எடுக்கணும்.

அந்த உதிர்றது தான் அதோட பொழப்பு. நீங்க அறுக்கறதுக்கு முன்னாடியே அது அடுத்த வருஷத்துக்கு வெதைச்சு முடிச்சிருக்கும். ஆறாம் நூற்றாண்டுல ஜியா ஸிஷியே எழுதின விவசாய நூல்ல களை வெட்டறது களைக்காக மட்டும் இல்ல, பத்து தடவ கொத்தினா மண்ணு பதமாகி, உமி மெலிஞ்சு, பத்துக்கு எட்டு பங்கு அரிசி தேறும்னு கணக்கே போட்டுக் குடுத்திருக்காரு. பத்து தடவ! இடுப்பு என்னாகறது.

ஸ்டெப் 5: பழைய பாட்டுல மூணு இடம்

ஷிஜிங்னு சீனாவோட பழைய பாட்டுத் தொகுப்பு, 305 பாட்டு. அதுல யோவ் வர்ற மூணு இடத்த பாத்தா அர்த்தம் எப்படி நகருதுன்னு தெரியும்.

ஒண்ணு, ச்சீங்கற பழைய சீன நாட்டோட பாட்டு: பெரிய வயல உழாத, யோவ் தான் செழிச்சு நிக்கும்; தூரத்துல இருக்கிற ஆள நெனைக்காத, மனசு தான் நோகும். இங்க யோவ் வெறும் களை, ஆனா ஆளு இல்லாத வயலும் ஆளு இல்லாத மனசும் பக்கத்துல பக்கத்துல வந்து உக்காந்துடுச்சு.

ரெண்டு, ஒரு அறுவடைப் பாட்டு: மணி பிடிச்சு முத்தி கெட்டியாச்சு, லாங்கும் இல்ல யோவும் இல்ல, குருத்து தின்ற பூச்சி, இலை தின்ற பூச்சி, வேர் தின்ற பூச்சி, கணு தின்ற பூச்சி எல்லாத்தையும் வெரட்டு, வயல் தெய்வம் பிடிச்சு தீயில போடட்டும்னு வரும். லாங் இன்னொரு களை. "லாங் இல்ல யோவ் இல்ல"ங்கறத இப்பவே அடிக்கோடு போட்டு வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

மூணாவது, நாடு கெட்டுப் போச்சேன்னு ஒருத்தர் புலம்பற பாட்டு: நல்ல பேச்சும் வாயில இருந்து தான், யோவ் பேச்சும் வாயில இருந்து தான். இங்க புல்லே கிடையாது! யோவ்னா "கெட்ட"ன்னு ஆயிடுச்சு. இதுல இருந்து தான் பின்னாடி யோவ் மின், அதாவது கெட்ட ஜனங்க, அப்படிங்கற வார்த்தையெல்லாம் வந்து ச்சிங் வம்சக் காலத்து அரசாங்கக் காகிதம் வரைக்கும் போச்சு.

ஸ்டெப் 6: ஏன் இவ்வளவு கோவம்னு புரிஞ்சுக்கோங்க

களைன்னா எத்தனையோ இருக்கு, முள்ளு இருக்கு, கொடி இருக்கு. அதெல்லாம் திட்டு வாங்காம இது மட்டும் ஏன் வாங்குது? முள்ளு நான் முள்ளு தான்னு நிக்கும், யோவ் நான் தினைன்னு சொல்லிக்கிட்டு நிக்கும், அதனால தான்.

வெய் நாட்டு வென் பிரபு, கி.மு. 445-ல இருந்து 396 வரைக்கும் ஆண்டவர், ஷிமென் பாவ்ங்கற அதிகாரிய யே ஊருக்கு அனுப்பும்போது சொல்லி அனுப்பினதா ஒரு அறிவுரை பழைய அரசியல் கதைத் தொகுப்புல இருக்கு. பாத்தா ஒண்ணு மாதிரி இருக்கும், அது இல்ல, அப்படி நெறய இருக்குப்பா: குட்டியா இருக்கிற யோவ் பயிர் மாதிரி இருக்கும், மஞ்சக் கலந்த மாடு புலி மாதிரி இருக்கும், வெள்ளை எலும்பு தந்தம் மாதிரி இருக்கும், வூஃபூங்கற சாதாரண கல்லு ஜேடுங்கற விலை உசந்த கல்லு மாதிரி இருக்கும். புது ஊருக்குப் போற கலெக்டருக்கு இதைவிட என்ன சொல்லணும்!

கன்ஃபூஷியஸுக்கு அப்புறம் அவரு வழில வந்த தத்துவ ஞானி மென்சியஸ் இதையே இன்னும் கூர்மையாக்கி கன்ஃபூஷியஸ் வாயில வைக்கிறாரு: ஒண்ணு மாதிரி இருந்து ஆனா அதுவா இல்லாதத நான் வெறுக்கறேன், யோவ வெறுக்கறேன், அது பயிரக் குழப்பிடும்னு பயம். அடுத்து வரிசையா, சாமர்த்தியமா பேசறவன், நியாயத்தக் குழப்புவான். ஊதா நிறம், சிவப்பக் குழப்பும். கடைசில ஊருக்கெல்லாம் நல்லவன், ஒழுக்கத்தையே குழப்பிடுவான். கவனிச்சீங்களா, திருடன், கொலைகாரன் எவனும் இந்த லிஸ்ட்ல இல்ல.

ஆனா எல்லாரும் இத தூக்கிப் போடல. லூ நாட்டுல ஜி வென்ட்ஸின்னு ஒரு மந்திரி, வீட்டுப் பெண்களுக்கு பட்டு கிடையாது, குதிரைக்கு தானியம் கிடையாது, அவ்வளவு சிக்கனம். ஒரு பெரிய வீட்டுப் பையன் போயி, மந்திரியா இருந்துக்கிட்டு கஞ்சன்னு பேரு வாங்கறீங்களேன்னு கேட்டுட்டான். பையனோட அப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சு ஏழு நாள் பூட்டி வச்சிட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பையன் வீட்டுக் குதிரைக்கு லாங்கும் யோவும் தான் தீனி. மனுஷன் திட்டின புல்ல குதிரை சந்தோஷமா தான் தின்னிருக்கும்.

ஸ்டெப் 7: இன்னைக்கு எங்க பாப்பீங்க

நியூஸ்ல, கமெண்ட்ல, ஆபீஸ் ரிப்போர்ட்ல நீங்க இந்த எழுத்த பாக்கப்போறது பெரும்பாலும் ஒரே தொடர்ல தான்: லியாங் யோவ் பு ச்சீ. லியாங்னா நல்லது, யோவ்னா களை, பு ச்சீன்னா சமமா இல்ல. நல்லதும் கெட்டதும் கலந்து கெடக்குதுன்னு அர்த்தம், ட்யூஷன் சென்டர், ஆன்லைன் கடை, ஏஜென்ட்னு எதப்பத்தி எழுதினாலும் வந்துடும். ஒரு நுணுக்கம்: க்ளாஸ்ல பசங்க மார்க் ஏத்த எறக்கமா இருக்குன்னு சொல்ல இத போடாதீங்க, அதுக்கு வேற தொடர் இருக்கு. இதுல கெட்டது கலந்திருக்குங்கற குத்தம் இருக்கு, கம்மி மார்க் எடுத்த பையன களைன்னு சொன்ன மாதிரி ஆயிடும்.

இப்ப அடிக்கோடு போட்டு வச்சத எடுங்க. "பு லாங் பு யோவ்", களையே இல்லாத வயல். நல்ல வார்த்தை தானே? இன்னைக்கு அர்த்தம் என்னன்னா, எதுக்கும் உருப்படாதவன்! நடந்தது என்னன்னா, யுவான் வம்சக் காலத்துல ஆளுங்கள தரம் பிரிச்சுக் கூப்பிட்ட பேருல லாங்னு ஒண்ணு, ஷியோவ்னு ஒண்ணு இருந்துச்சு, "லாங்கும் இல்ல ஷியோவும் இல்ல"ன்னா எதுலயும் சேராத ஆளு. சத்தமும் எழுத்தும் நெருக்கமா இருக்கவே ரெண்டு தொடரும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு, களை இல்லாத வயல் போயி உருப்படாத பையன் வந்துட்டான். 1791-ல அச்சான சிவப்பு மாளிகைக் கனவு நாவல்ல, 84-வது அத்தியாயத்துல, கல்யாணப் பேச்சு வரும்போது அப்பா தன் பையனப் பத்தி இப்படித்தான் சொல்றாரு: முதல்ல அவன் உருப்படட்டும், பு லாங் பு யோவா இருந்துட்டு இன்னொருத்தர் வீட்டுப் பொண்ண கெடுத்துடக் கூடாது. டயலாக் மட்டும் மாத்துனா நம்ம வீட்டு அப்பா.

பக்கத்துல இன்னொரு எழுத்து வந்து குழப்பும், பாய், அது நெல் வயல்ல நெல் மாதிரி நிக்கிற களை, நம்ம குதிரைவாலியோட சொந்தக்காரன். தினைக்கு யோவ், நெல்லுக்கு பாய், அவ்வளவு நெனவு வச்சா போதும்.

ஸ்டெப் 8: யாரு யாருக்கு அப்பா

1578-ல முடிஞ்ச பென்ட்ஸாவ் காங்மு, லி ஷிஜென்னோட மருந்துப் புத்தகம், இந்தப் புல்லுக்கு ஒரு எழுத்து விளக்கம் குடுக்குது: கதிர் விடும் ஆனா மணி பிடிக்காது, அதனால தான் எழுத்துல ஷியோவ் இருக்கு, கதிர் நாய் வால் மாதிரி, அதனால ஜனங்க நாய் வால்னு சொல்றாங்க, தண்டு கண்ணு வலிக்கு ஆகும், அதனால வெளிச்சப் புல்லுன்னும் பேரு. ஷு ஷென் வெறும் சத்தம்னு சொன்னத இவரு அர்த்தமாக்கிட்டாரு. கேக்க அழகா இருக்கு, ஆனா தப்பு. மணி பிடிக்கும், அதுவும் ஒரு கதிர்ல நூத்துக்கணக்குல, குட்டியா இருக்கிறதாலயும் உதிர்ந்துடறதாலயும் நம்ம கைக்கு வர்றதில்ல. என் அபிப்பிராயம், சத்தத்துக்காக தான் ஷியோவ வச்சிருக்காங்க, ஆனா சத்தத்துக்கு ஆயிரம் எழுத்து இருக்கும்போது கதிர் விடறதையே எடுத்து வச்சவன் வயலயும் பாத்திருக்கான்.

இதெல்லாம் தாண்டி ஒரு விஷயம் இருக்கு. யோவ் தினையக் காப்பியடிச்சு வந்ததுன்னு தான் அந்தக் காலத்து ஆளுங்க எல்லாரும் நெனச்சாங்க, எழுத்தும் அப்படித்தான் இருக்கு, நல்ல கதிருக்கு மேல புல் தொப்பி. நிஜத்துல தலைகீழ். யோவ் தான் முதல்ல இருந்துச்சு. உதிராத கதிரா பாத்துப் பாத்து சேத்து திரும்பத் திரும்ப வெதைச்சு அந்தக் காட்டுப் புல்லுல இருந்து தான் தினைய உருவாக்கினாங்க. 2020-ல வந்த ஆய்வுல, யோவ்ல மணிய உதிர வைக்கிற ஒரு ஜீன கண்டுபிடிச்சாங்க, தினைல அதே ஜீனுக்குள்ள வேற ஒரு துண்டு வந்து சொருகிக்கிட்டு அத வேலை செய்ய விடாம பண்ணியிருக்கு. பயிரக் குழப்பிடும்னு கன்ஃபூஷியஸ் பயந்தாரே, அந்தப் பயிரோட அப்பனே அது தான்.

வட சீனாவுல தினை போடறவங்க இன்னைக்கும் வயல்ல நிக்கிற கலப்புக் களைய கு யோவ் ஸின்னு தான் சொல்றாங்க, கு-ன்னா தினை. ஜப்பான்ல இதே புல்லுக்கு நாய்க்குட்டிப் புல்லுன்னு ஒரு பேரு, பூனைய வெளையாட்டு காட்டறதுன்னு இன்னொரு பேரு, ஏன்னா கதிர ஒடிச்சு முன்னாடி ஆட்டினா பூனை பாஞ்சு வரும். சீனாவுல பசங்க ரெண்டு மூணு கதிரச் சேத்து முறுக்கி, ரெண்டு காது நீட்டிக்கிட்டு இருக்கிற முயல் பண்ணுவாங்க. இப்ப பேப்பர எடுத்து இன்னொரு தடவ போடுங்க, மூணு, அஞ்சு, ரெண்டு, பாக்காம. நடுவுல அந்த கதிர் சாய்வு வந்துச்சான்னு மட்டும் செக் பண்ணிக்கோங்க.